மலையில் ஓடாது, கீழே ஓடும்: கெப்பாசிட்டர் கோளாறைக் கண்டுபிடித்து மாற்றும் வழி

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் சேலத்துக் கம்ப்யூட்டர்கள் என் மேசைக்கு வர ஆரம்பிக்கும். மார்கழிக் குளிரில் ஏற்காட்டிலிருந்து டி.வி.கள் இறங்கி வரும். நடுவில் ஃபேன், கிரைண்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் வருஷம் முழுக்க உண்டு. திறந்து பார்த்தால் பெரும்பாலும் கெட்டிருப்பது ஒரு கெப்பாசிட்டர்தான். சில ரூபாய்ப் பொருள். அதற்காகப் பல ஆயிரம் ரூபாய் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்களே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் ஃபேனுக்கு வாங்கும்போது கண்டென்சர் என்று கேட்பார்கள், போர்டில் இருப்பதைக் கெப்பாசிட்டர் என்பார்கள். வேலை ஒன்றுதான், மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுப்பது. அளவை எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) என்று சொன்னால் எந்தக் கடையிலும் புரியும்.

## திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். 230 வோல்ட்டை வாங்கி மெஷினுக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (பவர் சப்ளை) பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ டி.சி. இருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். தானாக வடிந்துவிடும் என்று நம்பாதீர்கள், வடிக்கும் ரெசிஸ்டர் போயிருந்தால் அப்படியே நிற்கும்.

பழைய 40 அல்லது 60 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி இரண்டு ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு முனையையும் கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் சில வினாடி வையுங்கள். சார்ஜ் இருந்தால் பல்பு ஒருமுறை மின்னி அணையும். பிறகு மல்டிமீட்டர் வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டாம், போர்டும் போகும், கண்ணும் போகும்.

## கண்ணால் எதைப் பார்க்க வேண்டும்

டப்பா மாதிரி நிற்கும் அலுமினியக் கெப்பாசிட்டரின் தலையில் கூட்டல் குறி போலவோ வேறு வடிவிலோ கீறல் இருக்கும். நல்லதாக இருந்தால் தலை தட்டையாக இருக்கும். பூரி மாதிரி கொஞ்சம் மேலெழும்பியிருந்தாலும் கெட்டது என்று முடிவு செய்துவிடலாம். கீறல் பிளந்து காப்பித்தூள் நிறத்தில் காய்ந்த பொருக்கு இருந்தால் சந்தேகமே இல்லை. தலை சரியாக இருந்தும் டப்பா ஒருபக்கம் சாய்ந்து நின்றால் அடியில் உள்ள ரப்பர் வெளியே தள்ளியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

இதில் புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆடாமல் இருக்க அடியில் வைக்கும் பசை, சூட்டில் பழுப்பாகி, கசிவு மாதிரியே தெரியும். பசை அடியைச் சுற்றி மட்டும் கெட்டியாக இருக்கும். கசிவு காலிலிருந்து போர்டின் மேல் பரவி, பக்கத்துச் செப்பைப் பச்சையாக்கியிருக்கும்.

## ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, குச்சியால் தள்ளினால்தான் கிளம்புகிறது

முதலில் ரெகுலேட்டரை முழுசாக வைத்துப் பாருங்கள். சாயங்காலம் மட்டும் மெதுவாக ஓடினால் லோ வோல்டேஜ், ஃபேனைத் திட்டிப் பயனில்லை. எல்லா நேரமும் அப்படியே இருந்து, தள்ளினால் கிளம்புகிறது என்றால் கண்டென்சர்தான்.

மெயினை அணைத்து, பல்பால் வடித்து, கழற்றி, எம்.எஃப்.டி. அளக்கும் மீட்டரில் வையுங்கள். மேலே 2.5 என்று போட்டிருந்து மீட்டர் 2.2க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். இன்னும் வேகம் வேண்டுமென்று 2.5 இருந்த இடத்தில் 4 போடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நான் போடுவதில்லை. ஃபேனுக்குள் இருக்கும் கம்பிச் சுற்று, அதாவது காயில், சூடேறி அடுத்த கோடைக்குள் எரியும்.

புதுசு போட்டும் மெதுவாக இருந்தால், கரண்ட் இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங். லேசாகச் சுற்றியும் ஓடும்போது கொதித்து, கருகிய வாசம் வந்தால் காயில் கட்டுபவரிடம் கொடுப்பதுதான் வழி.

## கிரைண்டர் அல்லது மோட்டார் 'உர்ர்' என்கிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். அந்தச் சத்தத்தோடு அரை நிமிடம் விட்டால் சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும். கிரைண்டரில் காய்ந்த மாவு கல்லைப் பிடித்திருக்கிறதா, பெல்ட் நழுவியதா என்று பார்த்துவிட்டு, பிறகு கண்டென்சருக்குப் போங்கள்.

சிங்கிள் ஃபேஸ் போர் மோட்டார் பேனலில் பெரும்பாலும் இரண்டு கண்டென்சர் இருக்கும். ஒன்று கிளம்பும் நேரத்துக்கு மட்டும், இன்னொன்று ஓடும்போதெல்லாம். இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடக் கூடாது. கிளப்பும் கண்டென்சரைத் தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி வெடிக்கும். அளவும் வோல்ட்டும் டப்பாவின் மேலேயே இருக்கும், அதையே வாங்குங்கள். கிளப்பும் கண்டென்சர் அடிக்கடி போனால் அதைத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் கண்டென்சரைத் தேடவே வேண்டாம், ஒரு ஃபேஸ் வராமல் இருக்கும்.

## கம்ப்யூட்டரில் உயிரே இல்லை

பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள சின்ன ஸ்விட்ச்சைப் பாருங்கள், துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கும். பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். பாதி இங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் மீட்டர். போர்டில் செருகும் 24 பின் கனெக்டரில் ஊதா ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதே 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அது இருக்கிறது என்றால் முன்பக்கப் பட்டன் ஒயர் மதர்போர்டில் வந்து சேரும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். கிளம்பினால் பட்டன்தான் கோளாறு.

ஊதாவில் 5 வோல்ட் இல்லை, அல்லது 3, 4 என்று ஆடுகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ். கெட்டது. உள்ளே அந்த 5 வோல்ட்டைத் தயாரிக்கும் பகுதியில் 50 வோல்ட் போட்ட விரல்நுனி அளவுக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். அது உப்பாது, கசியாது, சும்மா காய்ந்துபோகும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத கெப்பாசிட்டர்களில் இது ஒன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, வேறு எஸ்.எம்.பி.எஸ். போடுங்கள். மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பிரித்து மணிக்கணக்கில் வேலை பார்ப்பது கட்டாது.

## ஓடுகிறது, ஆனால் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நாலைந்து முறை அழுத்தினால்தான் கிளம்புகிறது

கெப்பாசிட்டர் கோளாறின் முகம் இதுதான். ஒரே நாளில் சாகாது. முதலில் வாரம் ஒருமுறை நிற்கும். பிறகு தினமும் நிற்கும். பிறகு காலையில் மட்டும் கிளம்ப மறுக்கும். ஆன் செய்து, அணைத்து, ஆன் செய்து எப்படியோ ஓடவைத்துவிட்டால் சாயங்காலம் வரை ஓடும். வீட்டுக்காரர் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை இரண்டு முறை மாற்றியிருப்பார்.

வரிசையாகப் பாருங்கள். ரேமைக் கழற்றி அதன் தங்கப் பற்களை ரப்பரால் துடைத்துப் போடுங்கள். தூசியை ஊதுங்கள். பிராசஸர் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். ஓடும்போது மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வோல்ட் இருக்க வேண்டும். அதில் குறைந்தால் எஸ்.எம்.பி.எஸ். மூன்றும் சரியாக இருந்தால் டார்ச் அடித்து பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பக்கவாட்டில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் லேசான உப்பல் தெரியாது. பக்கத்தில் ஒரு ஸ்கேலின் விளிம்பைத் தலைமேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அம்மாப்பேட்டையில் தறிக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர் ஒன்று இப்படித்தான் வந்தது. பிராசஸர் பக்கத்தில் நாலு கெப்பாசிட்டர், 6.3 வோல்ட் 1500 எம்.எஃப்.டி., நாலும் உப்பியிருந்தன. மாற்றிக் கொடுத்தேன், நன்றாக ஓடியது. ஏழு மாதத்தில் திரும்ப வந்தது. நான் போட்ட புதுசிலேயே இரண்டு உப்பியிருந்தன. நல்ல சரக்கு போட்டேனே என்று மனசு கேட்கவில்லை. பிராசஸர் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றினேன். அடியில் அலுமினியத் தகடுகளின் மேல் பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. விரலால் உரித்தபோது ஒரே துண்டாக, தகடுகளின் கோடு பதிந்து எழுந்து வந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் உள்ளே போகவில்லை. அந்தச் சூடு முழுக்கப் பக்கத்தில் நின்ற நாலு டப்பாவின் மேல்தான் இறங்கியிருக்கிறது.

அன்றிலிருந்து உப்பிய கெப்பாசிட்டரைப் பார்த்தால், அதை உப்ப வைத்தது எது என்று தேடாமல் சால்டரிங் அயனைத் தொடுவதில்லை. கணக்கு எளிது. நல்ல கெப்பாசிட்டரின் மேல் 105 டிகிரி என்று போட்டிருக்கும், பலவற்றுக்கு அந்தச் சூட்டில் ஆயுள் 2000 மணி நேரம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி. தினம் எட்டு மணி நேரம் ஓடினால் பத்து வருஷத்துக்கு மேல் வரும். அதே கெப்பாசிட்டர் 75 டிகிரியில் இருந்தால் அதில் பாதிதான். சேலத்தில் வெளியே 40 டிகிரியைத் தொடும் மாதங்களில், தூசி அடைத்த பெட்டிக்குள் இந்தப் பத்து டிகிரி சாதாரணமாக ஏறிவிடும்.

அந்த மெஷினைத் தறிக்குப் பக்கத்துத் தரையிலிருந்து எடுத்து அடுத்த அறை மேசையில் வைக்கச் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு அந்தக் கோளாறு வரவில்லை. தறி ஓடும் இடம், ஜவ்வரிசி மில், மாவு மில் என்று தூசி உள்ள எந்த இடத்துக்கும் இதே வழிதான்.

லேப்டாப்பில் இந்த அறிகுறி வந்தால் நீங்களாகத் திறக்க வேண்டாம். அதில் இருப்பவை கடுகளவுக் கெப்பாசிட்டர்கள், சூடான காற்று மெஷின் வைத்திருப்பவர்தான் செய்ய முடியும்.

## ஏற்காட்டில் காலையில் டி.வி. வரவில்லை, சேலத்துக்குக் கொண்டுவந்தால் உடனே வருகிறது

நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மார்கழியில் டி.வி.யோடு வந்தார். சிவப்பு லைட் விட்டுவிட்டு எரிகிறது, உள்ளே 'டிக் டிக்' என்கிறது, வெயில் வந்தபிறகு பத்து மணிக்கு மேல்தான் படம் வருகிறது என்றார். என் மேசையில் போட்டதும் வந்துவிட்டது. "தம்பி, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து காட்டினா ஒழுங்கா ஓடுதே, மேல போனா மானத்தை வாங்குது" என்றார். மறுபடி கொண்டுபோனார். மறுநாள் காலையில் அதே 'டிக் டிக்'.

அடுத்த முறை வந்தபோது, வைத்துவிட்டுப் போங்கள் ஐயா என்றேன். பவர் போர்டில் 25 வோல்ட் 1000 எம்.எஃப்.டி. இரண்டு, தலை தட்டையாகத்தான் இருந்தன. கழற்றி, கெப்பாசிட்டரின் உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரில் வைத்தால் ஒரு ஓமுக்கு அருகில் காட்டியது. புதுசு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. பிறகு அந்த இரண்டையும் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து அளந்தேன். நாலு ஓமுக்கு மேல் ஏறியது. கையில் மூடி வைத்திருக்க இருக்க, மீட்டரில் எண் கண்ணெதிரே இறங்கியது.

காய்ந்துபோன கெப்பாசிட்டருக்குக் குளிர் ஆகாது, சூடு பட்டால் கொஞ்சம் உயிர் வரும். ஏற்காடு 1500 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் அங்கே இருக்கும் குளிர் சேலத்தில் இல்லை. அதனால்தான் கீழே வந்ததும் ஒழுங்காகிவிடுகிறது. இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன், மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போன் வந்தது, படம் வந்துவிட்டது என்று.

வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் கிளம்பாத டி.வி.யின் பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக, முடி உலர்த்தும் டிரையரை இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் காட்டுங்கள். டி.வி. பிளக் கழற்றியிருக்க வேண்டும். பிறகு போட்டதும் கிளம்பினால் பவர் போர்டில் கெப்பாசிட்டர் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். லோ வோல்டேஜாக இருக்குமோ என்றால் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் அது காரணமாக இருப்பது அரிது.

சத்தம் கேட்கிறது, படம் இல்லை என்றால் இருட்டில் திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பின்னால் உள்ள எல்.ஈ.டி. பட்டை அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி போயிருக்கிறது. திரையைப் பிரிக்கும் வேலை அது, கடையில் கொடுங்கள்.

இடி மின்னலுக்குப் பிறகு செத்த டி.வி. வேறு கதை. அங்கே கெப்பாசிட்டரை முதலில் சந்தேகிக்காதீர்கள். கண்ணாடி ஃப்யூஸ் உள்ளே கறுத்திருந்தால் வேறொன்று ஷார்ட் ஆகியிருக்கிறது. புது ஃப்யூஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காமல் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

## செட்டாப் பாக்ஸ், மோடம் அடிக்கடி அணைந்து எரிகிறது

அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரைப் போடுங்கள். சரியாகிவிட்டால் அடாப்டருக்குள் கெப்பாசிட்டர் போயிருக்கிறது. மீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டும், பாக்ஸில் செருகியதும் சரியும், அதனால் சும்மா அளந்து ஏமாறாதீர்கள். ஒட்டி மூடிய அடாப்டரை உடைத்துச் சரிசெய்தால் மறுபடி ஒழுங்காக மூட முடியாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆபத்து, புதுசு வாங்குங்கள்.

## ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல்

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நெருங்கும்போது மைக் செட்காரர்கள் கொண்டுவரும் கோளாறு. எல்லா இன்புட் ஒயரையும் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் ஒயர் அல்லது எர்த் பிரச்சினை. பிடுங்கிய பிறகும், வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் அதே இரைச்சல் என்றால் பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

## தொடவே கூடாதவை

மைக்ரோவேவ் அடுப்பின் கெப்பாசிட்டரில் 2000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் வெளி யூனிட் போர்டும் ஆளைக் கொல்லக்கூடியது. போர்டு கருகிக் கரியாகியிருந்தால் அந்தக் கரியே கரண்ட் கடத்தும், கெப்பாசிட்டரை மாற்றிப் பிரயோஜனமில்லை. இந்த மூன்றிலும் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

## மாற்றும் முறை

கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். கெப்பாசிட்டரில் பட்டை உள்ள பக்கம் மைனஸ். போர்டில் பாதி வட்டம் வெள்ளையடித்திருக்கும். பெரும்பாலும் அது மைனஸ்தான், ஆனால் பிளஸ்ஸை வெள்ளையடித்த போர்டுகளும் உண்டு, அதனால் போட்டோவை நம்புங்கள். சின்னச் சதுரமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும் டேன்டலம் வகையில் கோடு உள்ள பக்கம் பிளஸ். திசை மாறினால் வெடிக்கும்.

வாங்கும்போது எம்.எஃப்.டி. அதே அளவு, வோல்ட் அதே அல்லது ஒரு படி கூடுதல், சூடு 105 டிகிரி. 85 டிகிரி சரக்கைக் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். போர்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் லோ ஈ.எஸ்.ஆர். என்று சொல்லிக் கேளுங்கள். பழைய கெப்பாசிட்டரைக் கையோடு கொண்டுபோய் உயரமும் கால் இடைவெளியும் ஒத்துப் பாருங்கள். பெரிய உறைக்குள் சின்னக் கெப்பாசிட்டரை வைத்து விற்கும் போலிகள் உண்டு, கையில் எடுத்தாலே காற்று மாதிரி இருக்கும். நான் புதுசையும் மீட்டரில் வைத்த பிறகே போடுவேன்.

மதர்போர்டில் செப்பு பல அடுக்காக இருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். 25 வாட் அயனால் ஈயம் உருகாது, அவசரத்தில் இழுத்தால் துளையின் உள்சுவரே கழன்று வரும், போர்டு போச்சு. சூடு கட்டுப்படுத்தும் 60 வாட் அயனை 350 டிகிரிக்கு மேல் வைத்து, பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் ஃப்ளக்ஸும் புது ஈயமும் சேருங்கள். ஒரு காலைச் சூடாக்கிச் சற்றே சாய்த்து, அடுத்த காலைச் சூடாக்கி மறுபக்கம் சாய்த்து, இப்படி நடக்க வைத்து எடுங்கள். துளையில் நிற்கும் ஈயத்தைச் சூடாக்கிக்கொண்டே எவர்சில்வர் ஊசியைச் செருகினால் திறக்கும், அந்த ஊசியில் ஈயம் ஒட்டாது. உப்பியது இரண்டே என்றாலும் அதே வரிசையில் அதே வகை நாலு இருந்தால் நாலையும் மாற்றுங்கள். ஒரே சூட்டில் ஒரே காலம் இருந்தவை.

முடிந்ததும் கசிந்த இடத்தை ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷ்ஷால் கழுவிக் காயவிடுங்கள். பவர் போர்டாக இருந்தால் முதல் தடவை நேரே 230 வோல்ட்டில் போடாமல், 100 வாட் குண்டு பல்பைச் சீரீஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே போர்டுக்குப் போகும்படி, வைத்துப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்து, திசையையும் ஈயம் பக்கத்துக் காலில் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பல்பால் வடித்து, புதுக் கெப்பாசிட்டரின் தலையில் விரல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், விரலை எடுக்க வைக்கும் சூடு இருக்கக் கூடாது. பெட்டியை மூடும் முன் மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் உள்பக்கம் எழுதிவிடுங்கள். அடுத்துத் திறப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.